மூலையில் இருந்த அ

கம்ப்யூட்டர் திரையில் ஸ்கேன் நூற்றுக்கு மூன்று என்று காட்டியது. பத்து இருபதுக்கு ஆரம்பித்தது, இப்போது பத்தரை, இன்னும் மூன்றுதான், இந்த வேகத்தில் போனால் பன்னிரண்டு மணிக்குள் முடியுமா என்று மங்கையர்க்கரசி பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாமல் போனால் தேவலை என்றும் இருந்தது, முடிந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது, ஒரே மனசில் இரண்டும் எப்படி இருக்கும் என்று ஆராய அவளுக்கு அவகாசமில்லை. பழைய ஆன்டிவைரஸ் போன வாரம் காலாவதியாகிவிட்டது. ஒரு சிவப்புப் பெட்டி திரையின் கீழ் மூலையில் முளைத்து, புருஷன் எழுதுகிற பக்கத்தில் கடைசி இரண்டு வரியை மறைத்துக்கொண்டு, மறுபடி காசைக் கட்டு என்று நச்சரித்தது. “அதை முதலில் தொலை” என்று அவர் தட்டினார். புனேயில் இருக்கும் மகன் குமரகுருவிடம் போனில் கேட்டாள். அவன் டைல்ஸ் கம்பெனி மேனேஜர், எல்லாம் தெரிந்தவன். “அதெல்லாம் தண்டம்மா. ஃப்ரீயாவே நல்லதா ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்பறேன். பழசை எடுத்துட்டு இதைப் போட்டுக்கோ. போட்டதும் ஃபுல் ஸ்கேன் ஒண்ணு குடு. சிவப்பா ஏதாவது காட்டினா யோசிக்காத, ரிமூவ் குடுத்துரு.” யோசிக்காத என்று சொல்லியிருக்கிறான். யாராவது கேட்டால் பிள்ளை சொன்னான் என்று சொல்லிக்கொள்ளலாம். யார் கேட்கப்போகிறார்கள். கேட்கிற ஒரே ஆள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், கேட்பதற்கு வாய் கிடையாது. நூற்றுக்கு நான்கு.

அந்த ஒரே ஆள் ரிட்டையர்டு சிரஸ்தார் நடனசபாபதி, அவள் புருஷன். முன்சீப் கோர்ட்டில் ஜட்ஜுக்கு அடுத்தபடி தானே என்று முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர். போன ஆடி மாசம் ஒரு காலையில் அவருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின; கூடவே இங்கிலீஷும் போயிற்று. இங்கிலீஷ் பேப்பரை எடுத்துக்கொடுத்தால் எறும்பு ஊர்வதைப் பார்ப்பது போலப் பார்த்தார். இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு ஒன்று மட்டும் அழிந்துபோவது உண்டு என்று டாக்டர் சொன்னார். தலையாட்டச் சொன்னால் ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டம். இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோழி கிளறின மாதிரி வந்தது, இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பேனாவை அவள் மேலேயே எறிந்தார். ஆனால் கீபோர்டை மடியில் வைத்ததும் அந்த இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து நின்று, பழைய தமிழ் டைப்ரைட்டர் வரிசையில் எந்த எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தட்டியது. திரையில் முதலில் வந்த வார்த்தை “காப்பி”. மகனும் மருமகளும் அழுதார்கள். அவளும் அழுதாள், எதற்கு என்று அப்போது தெரியவில்லை. அதெல்லாம் கம்ப்யூட்டரில் பல வருஷமாகக் கிடக்கும் ஒரு பழைய தமிழ் சாஃப்ட்வேரின் புண்ணியம். திரையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அ இருக்கும். அந்த அ இருக்கிற வரை, தட்டினால் தமிழ். அது இல்லாவிட்டால் கீபோர்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அந்த இங்கிலீஷ் எழுத்துதான் வரும். அவ்வளவு பெரிய மனுஷனின் குரல் இப்போது ஒரு பொட்டுக்கடலை அளவு அ.

அந்த அ பிடிபடும் என்று அவளுக்குத் தெரியும். இதைத் தெரியாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் காசு கட்டிய ஆன்டிவைரஸ் வந்த முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டு கத்தியது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இந்தத் தமிழ் சாஃப்ட்வேர் நீங்க எந்தக் கீயைத் தட்டுறீங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கும் சார். பார்த்தாத்தான் தமிழா மாத்த முடியும். பாஸ்வேர்டு திருடுறவனும் அதைத்தான் செய்வான். அதனால ஆன்டிவைரஸ் இதைத் திருடன்னு நெனைச்சுக்குது. இது நம்மாளு, விட்டுருன்னு லிஸ்டுல சேர்த்துட்டேன்.” அவள் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். புருஷன் அவளைப் பார்த்து, “என்ன வேடிக்கை, உள்ளே போ” என்றார். உள்ளே போனாள், ஆனால் காதைக் கழற்றி வைத்துவிட்டா போக முடியும். பழசை எடுத்ததும் அந்த லிஸ்டும் போயிற்று. புதுசுக்கு நம்மாளு யார், அடுத்தாள் யார் என்று தெரியாது. மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், “இப்படி ஒரு லிஸ்டு இருக்குப்பா, எப்படிச் சேர்க்கறது” என்று. வியாழக்கிழமை போன் வந்தது, சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, ரசப்பொடியைப் பற்றிப் பேசினாள். ஒரு வார்த்தைதான். வாய்வரைக்கும் வந்தது, அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. பதினெட்டு. பதினெட்டில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்குகிறது. கணவர் ஜன்னலுக்கு வெளியே மாயவரத்து வெயிலில் ஒரு நாய் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டும்படி நாற்காலியைத் திருப்பி வைத்தது அவள்தான். வெளிச்சம் நல்லது என்று திருப்பினாள்.

வாசி. அதுதான் அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை. இருபத்திரண்டு வயசில் அவர் கோர்ட்டில் டைப்பிஸ்டாகப் போய்ச் சேர்ந்தாள். தீர்ப்புக்கும் சாட்சி வாக்குமூலத்துக்கும் நகல் அடிக்கிற வேலை. அடித்து முடித்ததும் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க வேண்டும், இன்னொருவர் நகலை வரிவரியாகப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் அடியில் சுருக்கொப்பம் போட்டால்தான் அது உண்மை நகல். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், “வாசி” என்பார். ஒரு தடவை மூலத்தில் ஒரு சாட்சியின் அப்பா பெயர் ஓர் இடத்தில் தப்பாக இருந்தது, நல்ல பிள்ளையாக அதைத் திருத்தி அடித்தாள். பதினொரு பக்கத்தையும் மறுபடி அடிக்க வைத்தார். “திருத்தறதுக்கு நீ யாரு? தப்பிருந்தா தப்போட. ஒரு எழுத்து விட்டாலும் நகல் இல்ல, ஒரு எழுத்து சேர்த்தாலும் நகல் இல்ல. பாதியை விட்டுட்டுப் பாதியைக் குடுத்தா அது ஃபோர்ஜரி.” அவளுக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயத்தில் ஒரு மரியாதையும் இருந்தது, இருபத்திரண்டு வயசில் இரண்டையும் சேர்த்து வேறு எதுவோ என்று நினைத்துக்கொண்டாள், போதாக்குறைக்கு அவரே பெண் கேட்டு வந்தார். குமரகுரு வயிற்றில் இருந்தபோது வேலையை விடச் சொன்னார். ராஜினாமாக் கடிதத்தை அவர் சொல்ல அவளே அடித்தாள். இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார், மறுபடி அடித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பென்சில் வந்தது. மளிகைச் சாமான் சீட்டு, பால்காரனுக்கு எழுதிவைத்த துண்டுச் சீட்டு, ஊருக்கு அம்மாவுக்கு எழுதின கடிதம் எல்லாவற்றுக்கும் வட்டம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னடி சிவப்பு சிவப்பா, எங்கயாவது கையைக் கிழிச்சுக்கிட்டியா” என்று அடுத்த தடவை கேட்டாள். இல்லம்மா, மாப்பிள்ளை சரிபார்த்தார் என்றாள். அம்மாவுக்கு அதில் பெருமை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏ, அங்க யாரு. ஊரெல்லாம் அரசி அரசி என்று கூப்பிட, வீட்டில் மட்டும் அங்க யாரு.

முப்பத்தாறு. எத்தனை ஃபைல் இந்த டப்பாவுக்குள். ஒவ்வொன்றின் பெயரும் அடியில் ஒரு கணம் தெரிந்து மறைகிறது, எல்லாம் அவர் அடித்துக் கொடுத்த மனுக்கள், தெருவில் யாருக்குச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் நகராட்சிக்கு மனு, ஒரு காசு வாங்கமாட்டார், அதற்குப் பதிலாக அரை மணி நேரம் அவர்களைத் திட்டுவார். இந்த ஃப்ரீ சாஃப்ட்வேர் காசு வாங்காமல் என்ன பண்ணப்போகிறதோ. பிறகு தேதி தேதியாக ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மகன் வீடியோவில் வருவான், போனைத் திரைக்கு நேராகப் பிடிப்பாள், அப்பா தட்டுவதை மகன் படிப்பான். போன ஞாயிறு. அதை நினைக்க வேண்டாம் என்று பார்த்தாள், அது தானாகவே வந்து நின்றது. மருமகள் சுகிர்தாவுக்கு மாசி மாசம் பிரசவம். அவள் அம்மா இல்லாத பெண். “அத்தை, நீங்க வந்து ரெண்டு மாசம் இருந்தாப் போதும்” என்று அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்டிருந்தாள். கும்பகோணத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லம், நர்ஸ் உண்டு, காற்றோட்டமான அறை உண்டு, குமரகுரு எல்லாம் விசாரித்துவிட்டான். அப்பாவிடம் பதமாகச் சொன்னான். விரல் எழுந்தது. “அவள் எங்கும் போகமாட்டாள். நானும் போகமாட்டேன்.” முற்றுப்புள்ளியோடு. அப்புறம் மகன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: “என்னம்மா பண்றது. அப்பாவுக்கு நெனவு தப்பிப்போயிருந்தா வேற பேச்சு, நாமளே முடிவு பண்ணிருவோம். தெளிவா இருக்காரே. தெளிவா இருக்கிற மனுஷர் வேண்டாம் வேண்டாம்னு எழுதிக் காட்டும்போது எப்படிக் கொண்டுபோய் விடுறது?” நெனவு தப்பிப்போயிருந்தா. பிள்ளை சும்மாத்தான் சொன்னான். அவன் போனை வைத்த பிறகு அவள் சமையலறையில் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தத் தெளிவு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குப் புரிந்தது. மண்டைக்குள் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. அது கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஐம்பது தாண்டிவிட்டது. பயப்பட வேறு காரணமும் இருந்தது, அதை அவள் சுற்றிச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தாள், நேராகப் போகவில்லை. நேற்று சாயங்காலம் அவர் தட்டினார்: “நாளை குருவிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீயும் இருக்க வேண்டும்.” நீயும் இருக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம். அவள் எந்த ஞாயிறு இல்லாமல் இருந்தாள். பால். பாலைத்தான் சொல்லப்போகிறார். ஆடி மாசம் அந்தக் காலையில் அவர் சமையலறை வாசலில் சிவப்புப் பென்சிலோடு நின்றார், காலண்டரில் அவள் கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறித்திருந்ததில் என்னவோ தப்பு. “படிச்சவ எழுதற லட்சணமா இது, உனக்கெல்லாம் சம்பளம் குடுத்த சர்க்கா” என்றார். ர் வரவில்லை. விழுந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள், கீழே அவர், கண் திறந்திருந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தாள். அதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் அணைப்பார்கள். அப்புறம் துணியை எடுத்தாள். வழிந்த பாலைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தாள். பால் சிந்தாத பக்கத்து அடுப்பையும் துடைத்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. கல்யாணமாகி அந்தச் சமையலறையில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை, அதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான், பிறகு துணியைக் காயப்போட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். “விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். “உடனே கூட்டிட்டு வந்துட்டோம்.” பொய்தான், ஆனால் வாயால் சொன்னது, எழுத்தில் இல்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியிலிருந்து தை வரைக்கும் எத்தனை ஞாயிறு, உப்பு, மலம், மாத்திரை, அவள் புடவை கட்டுகிற விதம் என்று எல்லாவற்றையும் மகனுக்குத் தட்டிக் காட்டியவர் இதை மட்டும் தட்டவில்லை. மறந்தா இருப்பார். அவராவது மறப்பதாவது. சமயம் பார்த்து எடுத்துவைக்கிற எக்ஸிபிட் மாதிரி உள்ளே வைத்திருக்கிறார். நீயும் இருக்க வேண்டும்.

டக் டக் என்று மோதிரம் நாற்காலிக் கம்பியில் தட்டியது. அதுதான் இப்போது அங்க யாரு. எழுந்து போனாள். தண்ணீரில், புரையேறாமல் இருக்க, கெட்டிப்படுத்துகிற பொடியைக் கலந்து ஸ்பூனால் கொடுத்தாள், பாதி கடைவாயில் வழிந்தது, துண்டால் துடைத்தாள். அவர் மேலிருந்து வரும் பவுடர் வாசனை அவள் போட்டதுதான், காலையில் குளிப்பாட்டி, முதுகைத் தேய்த்து, இடுக்கெல்லாம் புண் வராமல் பார்த்து, குறை சொல்ல முடியாதபடி செய்தாள். குறை சொல்ல முடியாதபடி செய்வதில் ஒரு பழி இருந்தது, அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். “இன்னும் கொஞ்சம் வேணுமாங்க?” தலை ஒரு பக்கமாக ஆடியது. என்ன ஆட்டம் அது. அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வையாக இருந்தது, கோபம் இல்லாத அவர் முகத்தை அவளுக்குப் பழக்கமில்லாததால் அதில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை, நோய் வந்தால் முகம் அப்படித்தான் தொய்யும் என்று விட்டுவிட்டாள். திரும்பி வந்தாள். திரையில் சிவப்பு. எழுபத்தொன்று. ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ் சாஃப்ட்வேரின் பெயர், அதற்குப் பக்கத்தில், இது உங்கள் விசைகளைக் கவனிக்கிறது.

காசு வாங்கினவன் கண்ணை மூடிக்கொண்டு விட்டதை ஓசியில் வந்தவன் ஒன்றரை மணி நேரத்தில் பிடித்துவிட்டான். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். மூன்று பொத்தான்: அழிக்கவா, தனியே அடைத்து வைக்கவா, விட்டுவிடவா. நடுவில் இருந்ததன் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். அடைத்து வைத்தால் நாளைக்கு வேண்டுமானால் வெளியே எடுக்கலாம், பாவம் இல்லை, கும்பகோணத்து அறை மாதிரி, காற்றோட்டமாக. ஆனால் எடுக்க முடியும் என்றால் எடுக்கத் தோன்றும். முடியும் என்று இருக்கிறவரை அவள் எடுத்துவிடுவாள், அவளை அவளுக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருஷமும் எடுத்துக் கொடுத்தவள்தானே. விட்டுவிடவா என்பதையும் பார்த்தாள். விட்டால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் மகன் வருவான், விரல் எழும், பால் என்று இரண்டு எழுத்து திரையில் விழும், பிள்ளை அதைப் படிப்பான். அப்புறம் அந்தப் பிள்ளை அவளை எப்படிப் பார்ப்பான் என்று ஒரு முகத்தைக் கற்பனை செய்தாள், அதோடு சரி. அழி என்பதை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று மறுபடி ஒரு பெட்டி வந்து கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளை நிச்சயமாகவா என்று கேட்ட முதல் ஆள் இந்த ஓசி ஆன்டிவைரஸ்தான். ஆமாம் என்றாள். மூலையில் இருந்த அ கொஞ்சம் மங்கி, பிறகு இல்லாமல் போயிற்று, மற்ற படங்கள் நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன. உங்கள் கணினி பாதுகாப்பாக இருக்கிறது என்று பச்சையில் வந்தது.

பன்னிரண்டுக்குச் சரியாக மகன் வந்தான். போனை ஸ்டாண்டில் வைத்து, நாற்காலியைத் திருப்பி, கைப்பிடிகளின் குறுக்கே பலகையைப் போட்டு, அதன் மேல் கீபோர்டை வைத்தாள். “அப்பா, எப்படி இருக்கீங்க? என்னமோ சொல்லணும்னீங்களாம், அம்மா சொன்னா.” விரல் எழுந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. பார்த்து அடிக்கிறவன் டைப்பிஸ்ட் இல்லை என்பது அவர் கட்சி. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், திரையில் இங்கிலீஷ் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக விழுந்தன. அவள் திரையைப் பார்க்காமல் இருக்கலாம் என்று விரலைப் பார்த்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்று அவள் கைக்குத் தெரியும், மறக்க முடியாத அளவுக்கு அவரேதான் அதைப் பழக்கியிருந்தார். அ இருந்தால் என்ன, போனால் என்ன. உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் அது தமிழாகவே வந்துகொண்டிருந்தது. “அன்று பால் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தாள். பார்த்தேன்.” நினைத்தது சரி, சரி, சரி என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, நல்ல வேளை, ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால், நல்ல வேளை. விரல் நிற்கவில்லை. “நானும் அப்படித்தான் செய்திருப்பேன். குற்றமில்லை. அவள் போகட்டும். என்னை இல்லத்தில் விடு.” முற்றுப்புள்ளி.

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். எறும்புகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “என்னம்மா இது, என்னென்னமோ வருது” என்றான் குமரகுரு. “அப்பா? அப்பா, நான் பேசறது கேக்குதா? அம்மா, அந்தப் புது ஆன்டிவைரஸ் போட்டதால இருக்குமோ?” சொல்லிவிடலாம். அவள் போகட்டும் என்கிறார்ப்பா, இல்லத்துக்குப் போறேங்கிறார் என்று அதை மட்டும் வாசித்துவிட்டால் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால் பாலை விட்டுவிட்டு அதை மட்டும் எப்படி வாசிப்பது. பாதியை விட்டுவிட்டுப் பாதியைக் கொடுத்தால் அது என்ன என்று அவரே சொல்லியிருக்கிறார். முழுசையும் வாசித்தால், குற்றமில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த விடுதலையை எடுத்துக்கொண்டுதான் அவள் புனேக்கு வண்டி ஏற வேண்டும். இதற்கும் அவரா. போவதற்கும் அவர் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டுத்தான் போக வேண்டுமா. அவளுக்கு வந்தது அழுகை என்று நினைத்தாள், இல்லை, சுத்தமான கோபம். “அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்” என்றாள். “நேத்து ராத்திரிலேருந்தே இப்படித்தான் தட்டறார். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்.”

“உனக்கு ஏதாவது புரியுதாம்மா? நீ டைப்பிஸ்ட்டா இருந்தவதானே.”

“அது மெஷின்பா, வேற. இது கண்டபடி தட்டறார்.” குரல் நன்றாகவே வந்தது. எதையும் மாற்றாமல் நகல் அடித்தே வாழ்ந்தவள் கொடுத்த முதல் பொய் நகல், ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் காது மட்டும் தெளிவாகக் கேட்கும். மகன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டர் அப்பவே சொன்னார்ம்மா, ரெண்டாவது அட்டாக் தெரியாமலே வரும்னு, என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், அந்த இல்லத்துல நாளைக்கே பேசிடறேன் என்றான். அப்போது விரல் மறுபடி எழுந்தது. நாலே தட்டு. வாசி. விரல் அந்தரத்தில் கொஞ்சம் நின்றது, இன்னொரு நாலு தட்டு தட்டியது. அரசி. அவள் பெயர் அந்த விரலில் வந்து அவள் பார்த்ததில்லை, ஆறு மாசமாகவும் இல்லை, முப்பத்தெட்டு வருஷமாகவும் இல்லை. அரசி வாசி. அரசி வாசி. கடைவாயில் எச்சில் வழிந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

“இப்ப என்ன தட்டறார்மா?”

“அதேதான்பா, திரும்பத் திரும்ப ஒண்ணையே தட்டறார். நீ எனக்கு டிக்கெட்டைப் போடு.” சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள், கீபோர்டை அந்தக் கைக்கு அடியிலிருந்து மெதுவாக உருவி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். விரல் வெறும் பலகை மேல் இறங்கியது. நாலு தட்டு, நிறுத்தி, நாலு தட்டு. பலகையில் எந்தெந்த இடத்தில் படுகிறது என்று பார்த்தால் அதையும் வாசித்துவிட முடியும் என்பதால் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.